மண்தின்னி மீன்கள் (அத்தியாயம் 11)

ஆறு.

சண்முகநாதன் மீன்தொட்டிக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். மேலே நான்கு, மரக்கட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, மூலையில் சாய்ந்தாற்போல ஒன்று. ஆறுதான். ஏழாவது எங்கே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுப் பின்னேரம், மருமகள் வேலை முடிந்து வருவதற்கு முன்னால், கறிவேப்பிலை மரத்தடியில் அவரே குழி தோண்டிப் புதைத்திருந்தார்.

காலை ஐந்தரை மணி. தை மாதத்துக் கண்டிக் குளிர் சீமெந்துத் தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. கட்டுக்கலைக் கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை. மகன் வந்து சேர இன்னும் பன்னிரண்டு மணித்தியாலம் இருந்தது.

"சனிக்கிழமை வர்றேன்."

யுகேஷ் அனுப்பிய செய்தி அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குப் பிறகு அப்பாவின் ஃபோனுக்கு வந்த முதல் செய்தி. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை எத்தனை தடவை திறந்து பார்த்தாரோ, அவருக்கே தெரியாது.

அவன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பது இந்தக் குடும்பத்தோடு இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யுகேஷின் மாமியார் பாப்பம்மா, புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு இந்த வீட்டுக்குத் தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோடு பஸ் ஏறி வந்தார். வீட்டு ஹோலில் சாப்பாட்டு இலை முன்னால் நிறைய டவுன் வியாபாரிகள். யாரோ ஒருவர், "இவங்க யாரு?" என்று கேட்டார். வளையல் கடை சண்முகநாதன் 'சம்பந்தி' என்று சொல்லவில்லை. "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்தார்.

யுகேஷ் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கொழும்புக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பொங்கலுக்கும் வரவில்லை.

மருமகள் நிரோஷினி போகவில்லை. பேராதனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. கிடைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. விட முடியவில்லை. மனைவியை இழந்து ஆறு வருடமான மாமனாரோடு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். தீபாவளியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பாடு, பிரஷர் மாத்திரை, மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணி, இதற்கு மேல் பேச்சில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

யுகேஷ் விட்டுப்போன இன்னொன்று இந்தத் தொட்டி. ஐந்தடி நீளம். உள்ளே சிக்லிட் இனத்து மீன்கள் ஏழு. அமேசன் காட்டுப் பக்கத்து ஆறுகளில் வாழ்கிற சாதி. உள்ளங்கை நீளம், நெற்றியில் செம்பருத்திச் சிவப்பு. வாய் நிறைய மணலை அள்ளி, தீனியைச் சலித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக விட்டுவிடும். அதனால் யுகேஷ் அவற்றை 'மண்தின்னி' என்பான்.

"குளத்து மீன் இல்லப்பா இது, ஆத்து மீன். ஓடுற தண்ணி வேணும். கீழ மணல் வேணும். அழுக்குத் தண்ணியில ஒரு நாள் தாங்காது" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். சண்முகநாதன் அதை ஒரு காதில் வாங்கினார். அவருக்கு அதில் பதிந்த ஒரே சொல், அழுக்கு.

அங்கேதான் பிழை நடந்தது.

முப்பத்தைந்து வருடமாகக் கடைக் கண்ணாடியைத் தினமும் இரண்டு தடவை துடைக்கிற மனிதர். மகன் வருகிறான் என்றதும் முதலில் கண்ணில் பட்டது இந்தத் தொட்டிதான். செவ்வாய்க்கிழமை, நிரோஷினி வேலைக்குப் போனதும், கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மீன்களை வாளியில் விட்டார். மங்கிப்போன மணலை எல்லாம் அள்ளிக் கொட்டினார். ஃபில்டரைத் திறந்தார். உள்ளே பஞ்சு முழுக்கப் பழுப்பு நிறத்தில் வழவழவென்று சேறு. முகத்தைச் சுளித்துக்கொண்டு பைப்படியில் வைத்துப் பிரஷ் போட்டு உரசினார். தண்ணீர் பளிங்கு போல வரும்வரை ஐந்து தடவை அலசினார். பிறகு டவுனில் வாங்கி வந்த நீலக் கற்களை அடியில் பரப்பி, பைப் தண்ணீரை நிரப்பினார். லைட்டைப் போட்டதும் தொட்டி அவருடைய கடை ஷோகேஸ் மாதிரி ஜொலித்தது.

அன்று பின்னேரம் நிரோஷினி வந்து செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மணல் எங்க மாமா?"

"குப்பையா இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன். இது பளிச்சுன்னு இருக்குல்ல?"

அவள் ஃபில்டர் பக்கம் குனிந்தாள். "ஃபில்டரயும் கழுவினீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட விதத்தில் என்னவோ இருந்தது. ஒரு பெரிய தவறைத் தொட்டுவிட்டோம் என்று சண்முகநாதனுக்கு அந்த நிமிடமே தெரிந்துபோயிற்று. வாய் தன்பாட்டில் சொன்னது:

"இல்ல. அதுல நான் கை வைக்கல."

புதன்கிழமை ஒன்றுமில்லை. வியாழக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குளிர்தான் காரணம் என்று நினைத்த நிரோஷினி ஹீட்டரைக் கூட்டி வைத்தாள். வெள்ளிக்கிழமை ஒன்று செத்துப்போனது. இன்று சனிக்கிழமை.

"மாமா, நகருங்க."

பின்னால் குரல் கேட்டுச் சண்முகநாதன் திடுக்கிட்டுத் திரும்பினார். நிரோஷினி தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டே வந்து தொட்டி முன்னால் முழங்காலிட்டாள். மூலையில் சாய்ந்திருந்த மீன் இப்போது முழுதாகப் பக்கவாட்டில் படுத்துவிட்டது. இருக்கிறதிலேயே பெரியது அது. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வெளங்காம ஒண்ணும் செய்யக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "பஸீஹா அக்கா, விடியக் காலையில தொந்தரவு பண்றேன்."

பஸீஹா கட்டுகஸ்தோட்டையில் வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவள். யுகேஷ் இந்த ஏழு மீன்களையும் குஞ்சாக வாங்கியது அவளிடம்தான். அவள் பேச்சில் 'இருக்கு' எல்லாம் 'ஈக்கி' ஆகிவிடும், 'சொல்லு' 'செல்லு' ஆகிவிடும்.

"தொந்தரவு என்ன, செல்லுங்க. நான் சுபஹு தொழுகைக்கே எழும்பீட்டேன்."

நிரோஷினி நடந்ததைச் சொன்னாள். பஸீஹா நடுவில் பேசாமல் கேட்டுவிட்டு, "யுகேஷ் தம்பி ஒரு சின்னப் பெட்டி வெச்சீந்தாரே, தண்ணி பாக்கிறது. அலுமாரில தேடிப் பாருங்க" என்றாள்.

பெட்டி கிடைத்தது. ஒரு கண்ணாடிக் குழாய், இரண்டு சின்னப் போத்தல். சொட்டு எண்ணுகிற வேலை நிரோஷினிக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டுகளை விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தாள். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் மெல்ல மெல்ல இலைப்பச்சையாக மாறியது.

"நல்ல பச்சையா வருதுக்கா."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அமோனியா. மீனோட கழிவுதான் அதுகளக் கொல்லுது. ஃபில்டர்ல ஈக்கிற நல்ல கிருமிதானே அத தின்னு தண்ணியச் சுத்தமாக்கிறது. அது செத்துப் பெய்த்தீக்கி. ஃபில்டரக் கழுவினீங்களா?"

"இல்லக்கா. மாமாகிட்ட கேட்டேன். தொடலன்னு சொன்னாரு."

"நல்லாக் கேட்டுப் பாத்தீங்களா?"

"மாமா சொன்னா சொன்னதுதான்கா."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்தல் இல்லை, நடிப்பு இல்லை.

"அப்ப அதுகளுக்கு வேற ஏதோ நோய் வருத்தம்தான்" என்றாள் பஸீஹா. "மருந்து ஒண்டு ஈக்கி. சரியான கடும் மருந்து. இந்த நெலமைல போட்டா ரெண்டு மூணு போய்டலாம். வேற வழி இல்லாட்டி..."

"நான் கழுவினேன்."

நிரோஷினி திரும்பினாள்.

"பைப் தண்ணியில. பிரஷ் போட்டு" என்றார் சண்முகநாதன். "அஞ்சு தடவ அலசினேன். செவ்வாக்கிழம. உன்கிட்ட இல்லன்னு சொன்னேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். உடனே ஃபோனைக் காதுக்கு எடுத்தாள்.

"அக்கா, மருந்து வேணாம். கழுவித்தான் இருக்கு. என்ன செய்யணும் சொல்லுங்க."

அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. இனித் தீனி ஒரு பொட்டும் போடக் கூடாது. கொல்லையில் நிறைத்து வைத்த பீப்பாய்த் தண்ணீரைக் கொதிநீர் கலந்து தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். காற்று மோட்டாரைக் கூட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பஸீஹாவின் தொட்டியில் பல மாதம் ஓடிப் பழகிய ஃபில்டர் பஞ்சு. அதைக் கொண்டுவந்து இங்கே போட்டால்தான் மீன்கள் பிழைக்கும்.

"தண்ணி மாத்தறத நான் பாக்கிறேன். பஞ்சு எடுக்க யாராவது போகணும்" என்றாள் நிரோஷினி.

"நான் போறேன்."

"கடை?"

"கடை கெடக்கட்டும்."

சனிக்கிழமை, அதுவும் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பொங்கல் காலத்தைத் தவிர அவர் கடை திறக்காத சனிக்கிழமையை அந்த வீதி பார்த்ததில்லை.

த்ரீவீலில் போகும்போது சண்முகநாதன் ஓரமாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மஹியாவையில் வாகனங்கள் நத்தை மாதிரி ஊர்ந்தன. பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். இரண்டாவது தடவை நிரோஷினி, "மாமா, என் ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கு" என்றாள். மூன்றாவது தடவை அவள் எடுக்கவில்லை.

பஸீஹாவுக்கு நாற்பது வயது இருக்கும். முக்காட்டை இறுக்கிக் கட்டி, முழங்கை வரை நனைந்த சட்டையோடு வாசலுக்கு வந்தாள். வீட்டுப் பின்பக்கம் முழுக்க சீமெந்துத் தொட்டிகள். எங்கும் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"ஐயாட கடைலதான் என்ட மகளுக்கு வளையல் எடுக்கிற" என்று சிரித்தாள். அவர் தலை குனிந்தபடி நின்றதைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டாள். "எல்லாரும் செய்யிறதுதான் ஐயா. நானும் முதல் வருஷம் அப்பிடித்தான், பளபளண்டு கழுவி முப்பது மீனக் கொண்டுட்டேன். ஆத்துல பாருங்க, கல்லுல பாசி வழுக்கும். அந்த வழுவழுப்புலதான் உசுரு ஈக்கி."

ஒரு தொட்டிக்குள் கையை விட்டுக் கறுத்துப்போன பஞ்சுகள் இரண்டை எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அமுக்கினாள். செவ்வாய்க்கிழமை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உரசித் தள்ளியது இதே சேற்றைத்தான்.

"தண்ணிக்குள்ளயே ஈக்கோணும். காஞ்சா எல்லாம் முடிஞ்சிடும். இந்தாங்க, மணலும் கொஞ்சம் தாரேன். ஒரு தட்டுல போட்டு மெல்ல உள்ளுக்கு எறக்குங்க. அந்த நீலக் கல்ல பொறகு ஒவ்வொண்டா எடுக்கலாம். கல்லுல வாய வெச்சு வெச்சுப் பாத்து அதுகளுக்கு உதடு புண்ணாப் பெய்த்தீக்கும்."

சண்முகநாதன் வாளியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"பொழைக்க வெச்சுடுங்க ஐயா. நாளைக்குத் தம்பி கொண்டாந்து விடுற நேரம் நல்லா ஈக்கோணும்" என்றாள் பஸீஹா.

"எங்க கொண்டாந்து?"

"இங்கதான். வேற எங்க? தொட்டிய, மீன, எல்லாத்தையும் எனக்கிட்ட விடப்போறதா செல்லீந்தாரே. எங்கட மூத்த நானாட லொறி நாளைக்குக் காலைல அங்க வருது. கொழும்புல வீடு பாத்தீக்காம். நிரோஷினியயும் கூட்டிக்கிட்டு..."

அவர் முகத்தைப் பார்த்ததும் பஸீஹா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"உங்களுக்குத் தெரியாதா ஐயா?"

"தெரியும், தெரியும்" என்றார் சண்முகநாதன். அந்த வாரத்தில் அவர் சொன்ன இரண்டாவது பொய் அது.

திரும்பி வரும்போது வாளியை மடியில் வைத்துக்கொண்டார். பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தளும்பி வேட்டியை நனைத்தது. சாரதி கண்ணாடியில் பார்த்து, "மாளுத மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டான், மீன்களா ஐயா என்று. அவர் ஆம் என்பது போலத் தலையாட்டினார்.

திரும்பி வந்துவிடுகிறான் என்று நினைத்தது பிசகு. கடைசிக் கணக்கை முடித்துக்கொண்டு போகத்தான் வருகிறான். 'சனிக்கிழமை வர்றேன்' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் அவர் ஒரு வாரமாக எதையெல்லாம் கட்டி வைத்திருந்தார்! இந்த மீன்கள் பிழைத்தால் நாளைக்கே இதே வீதியால் கட்டுகஸ்தோட்டைக்குப் போகும். வீட்டில் தொட்டி இருந்த இடத்தில் சுவர் இருக்கும். நிரோஷினியின் அறையில் பாய்கூட இருக்காது.

அவளுக்கு இது தெரியுமா? தெரிந்துகொண்டுதான் இத்தனை நாளும் மாத்திரை எடுத்துத் தந்தாளா?

வாளித் தண்ணீர் குறைவது போலத் தோன்றியது. சண்முகநாதன் சால்வையை எடுத்து வாளியின் வாயை மூடினார். "கொஞ்சம் சுருக்கா போங்க தம்பி" என்றார் சாரதியிடம்.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி தாண்டியிருந்தது. நிரோஷினியின் சட்டை முழுக்க ஈரம். தொட்டித் தண்ணீர் பாதி மாறியிருந்தது. பஞ்சுகளை ஃபில்டருக்குள் வைத்து, மோட்டாரை முடுக்கினார்கள். தட்டில் மணலைப் பரப்பி இருவருமாகச் சேர்ந்து இறக்கினார்கள். அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தட்டு சாயாமல் அடியில் உட்கார்ந்தது.

"மேல வந்து மூச்சு வாங்கிறது கொறைஞ்சிருக்கு" என்றாள். "அந்தப் பெருசுதான்..."

பெரியது அப்படியே கிடந்தது. மூன்று மணிக்குச் செவுள் அடங்கியது. நிரோஷினி வலையால் அதை எடுத்துப் பத்திரிகைத் தாளில் வைத்தாள். சண்முகநாதன் அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"நான் பொதைச்சிட்டு வர்றேன்."

"இன்னொன்னு எங்க இருக்கோ, அது பக்கத்துலயே பொதைங்க" என்றாள் நிரோஷினி.

அவர் வாசல்படியில் திரும்பினார்.

"நேத்தே தெரியும் மாமா. மண்வெட்டி கழுவாம சாத்தி இருந்துச்சு. நீங்க ஒரு சாமானக் கழுவாம வெச்சு நான் பாத்ததே இல்ல." வலையை உதறிக்கொண்டே தொடர்ந்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஃபில்டர் விஷயம் மட்டும் எனக்குத் தோணல. அந்த வார்த்தைய நம்பிட்டேன்."

"திட்டிடு. இப்பிடிப் பேசாம இருக்காத."

"திட்டி என்னங்க மாமா ஆகப்போகுது?"

"நாளைக்கு லொறி வருதாமே." வாயில் இருந்து வந்துவிட்டது. "பஸீஹா சொன்னா. நீயும் போறியாமே."

நிரோஷினி வலையைக் கீழே வைத்தாள்.

"அவரு கூப்பிட்டாரு. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல" என்றாள். "அவருக்குச் சேர்ந்து இருக்கணும்னு இருக்கு. எனக்கும் இருக்கு. ஆனா இந்த வீட்ட விட்டு இப்பப் போனா, எங்கம்மா என்னைக்கும் 'தெரிஞ்சவங்க'ளாவே போயிருவாங்க. அவங்க மக அவமானப்பட்டு ஓடிட்டாள்னு ஆயிரும். அதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

மூன்று மாதமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது அது. சத்தம் போடாமல், அழாமல், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

சண்முகநாதன் தாளோடு கதிரையில் உட்கார்ந்தார். செத்த மீன் மடியில் இருந்தது. நெற்றிச் சிவப்பு இன்னும் மங்கவில்லை.

"நம்பரத் தா" என்றார் கடைசியில். "சம்பந்தியம்மாகிட்ட நான் பேசறேன். இப்பவே பேசறேன்."

"வேணாம் மாமா."

"ஏன்?"

"இன்னிக்கு உங்க மகன் வர்றாரு. நாளைக்கு லொறி வருது. இன்னிக்குப் பேசினா அதுக்காகப் பேசின மாதிரி இருக்கும். எங்கம்மா பாவம், நெசம்னு நம்பிடுவாங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "யாரும் வராத ஒரு நாள்ல பேசுங்க. அப்ப நம்பர் தர்றேன்."

சண்முகநாதன் தாளை மடித்தார். எழுந்து பின்பக்கம் போனார். புதைத்து முடித்ததும் மண்வெட்டியைக் கழுவினார். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

ஐந்தேகாலுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. யுகேஷ் மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. முதுகில் ஒரு சின்னப் பை மட்டும். ஒரு இரவுக்கு மேல் தங்குகிறவன் கொண்டு வருகிற பை இல்லை அது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் சண்முகநாதன்.

அவன் அதற்குள் தொட்டியைப் பார்த்துவிட்டான். நீலக் கற்கள், நடுவே தட்டில் மணல். விறுவிறுவென்று போய் முன்னால் குந்தினான். உதடு அசைந்தது, எண்ணுகிறான்.

"அஞ்சு" என்றான்.

நிரோஷினி வாயைத் திறந்தாள். சண்முகநாதன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நான்தான். நீ வர்றேன்னு சுத்தம் பண்ணினேன். மணலக் கொட்டிட்டேன், ஃபில்டரப் பைப் தண்ணியில கழுவிட்டேன். கழுவலன்னு நிரோஷினிகிட்டப் பொய் சொன்னேன். நேத்து ஒண்ணு செத்துச்சு, அத மறைச்சேன். இன்னிக்கு ஒண்ணு. பொய் சொல்லாம இருந்திருந்தா ரெண்டும் இருந்திருக்கும். மிச்சத்தக் காப்பாத்தினது அவ."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். யுகேஷ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அப்பா தன் பிழையைத் தன் வாயால் சொல்லி அவன் கேட்டதே இல்லை. திட்டுவதற்கு எடுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாதவன் போல இருந்தான்.

அப்போது மரக்கட்டை இடுக்கிலிருந்து ஒரு மீன் வெளியே வந்தது. தட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. தலையைக் கீழே குத்தி ஒரு வாய் மணலை அள்ளியது. மென்று, செவுள் வழியாக மெல்லிய புகை போல மணலை விட்டது. மூவரும் பார்த்தார்கள். அது இன்னொரு வாய் அள்ளியது.

"நாளைக்குக் காலையில லொறி வருது" என்றான் யுகேஷ், தொட்டியைப் பார்த்தபடியே.

"வர வேணாம்னு சொல்லுங்க" என்றாள் நிரோஷினி.

"நிரோ..."

"தண்ணி இன்னும் பச்சைதான் காட்டுது. இந்த நெலமையில அசைச்சா ஒண்ணுகூட மிஞ்சாது. பஞ்சு இந்தத் தொட்டிக்குப் பழகணும். தெனம் தண்ணி பாக்கணும், தெனம் கொஞ்சம் மாத்தணும். கொறைஞ்சது ஒரு வாரம்."

யுகேஷ் அவளைக் கூர்ந்து பார்த்தான். "மீனுக்கு ஒரு வாரம். சரி. உனக்கு?"

அவள் கண்ணாடியில் வழிந்திருந்த ஒரு துளியை விரலால் துடைத்தாள்.

"எனக்கும் அதே ஒரு வாரம் வேணும். அடுத்த சனிக்கிழம சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கேக்கக் கூடாது."

யுகேஷ் ஃபோனை எடுத்தான். லொறிக்காரரின் பெயரைத் தேடுகிற அவன் விரல் இரண்டு தடவை பிசகியது. சண்முகநாதன் அதற்குமேல் அங்கே நிற்காமல் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நாளைக்கு மாற்றப் பீப்பாயில் தண்ணீர் நிறைத்து வைக்க வேண்டும். குளோரின் போக அது ஒரு நாளாவது ஆற வேண்டும் என்று நிரோஷினி சொல்லியிருந்தாள். பைப்பைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். ஹந்தானை மலை மேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு நாள். எதுவும் முடியவில்லை, ஆனால் ஏழு நாள் இருக்கிறது.

"அப்பா."

யுகேஷ் கதவு நிலையில் நின்றான். ஃபோன் இன்னும் கையில் இருந்தது. ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைப் பின்னால் மெதுவாகச் சாத்தினான்.

"லொறிய நிப்பாட்டிட்டேன். ஆனா கொழும்புல ஒரு விஷயம் நடந்திருக்கு. நிரோவுக்குத் தெரியாது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்."

சண்முகநாதன் கையை நீட்டிப் பைப்பை மூடினார்.